சாவியைக் கொடுத்துவிட்டுப் போனவர்

வேதவல்லி செத்து இருபது நிமிடம் ஆகியும் அவளை வந்து பார்க்க வேண்டிய டாக்டர் வரவில்லை. டாக்டருக்கு இன்னும் தலை வாரி முடியவில்லையாம். வளசரவாக்கத்தில் சீரியல்களுக்கென்றே வாடகைக்கு விடுகிற பங்களா அது. போன வாரம் கல்யாண வீடாக இருந்த கூடம் இந்த வாரம் கொலை நடந்த வீடு. மொசைக் தரையில் மல்லாந்து, ஒரு கை தலைக்கு மேலும் ஒரு கை வயிற்றின் மேலுமாகக் கண்ணை மூடிக் கிடந்தாள். எழுந்து உட்காரலாம்தான். ஆனால் புடவை மடிப்பு கலையும், ரத்தம் இடம் மாறும், போன ஷாட்டில் விரல் மடங்கியிருந்ததா நீட்டியிருந்ததா என்று ஆளாளுக்குக் கத்துவார்கள். பத்தொன்பது வருஷம் ஜூனியர் ஆர்ட்டிஸ்டாகக் காலம் தள்ளியவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறாள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றிருக்கிறாள், கோர்ட்டில் நிஜமாகவே தூங்கிப் போயிருக்கிறாள். எதிலும் அவள் முகம் யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் வாங்கியது பிணமாகக் கிடப்பதில்தான். வேதாக்காவைக் கூப்பிடு, மூச்சே தெரியாது என்பார்கள். மூச்சை நெஞ்சுக்கு ஏற்றாமல் அடிவயிற்றிலேயே வைத்துக்கொண்டு, கேமரா முகத்துக்கு வரும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும். சொல்லிக் கொடுத்தவர் தணிகாசலம், அவள் புருஷன், லைட்மேன். உயரத்தில் பலகை மேல் உட்கார்ந்து விளக்கைத் திருப்புகிறவருக்குக் கீழே கிடக்கிற பிணத்தின் லட்சணம் நன்றாகத் தெரியும். "மேலேர்ந்து பாக்கறேன், நெஞ்சு ஏறி ஏறி எறங்குது. செத்தவ மாதிரியா இருக்க, பஸ்ஸுக்கு ஓடி வந்தவ மாதிரி இருக்க" என்று வீட்டில் பாயில் படுக்கவைத்து, நெஞ்சின்மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்துப் பழக்கினார். தண்ணீர் அலுங்காமல் கிடந்த அன்றைக்கு, "இனிமே நீ எங்க வேணா சாவலாம்" என்று சிரித்தார். அவர் போய் எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு அவள் பிணமாகக் கிடப்பது இதுதான் முதல் தடவை.

கழுத்துக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. ரத்தம் என்று பூசியிருப்பது சர்க்கரைப் பாகில் கலந்த சிவப்புச் சாயம், எறும்பு வராமல் என்ன செய்யும். ஒன்று, இரண்டு, மூன்றாவது காதுப் பக்கம் போகிறது, போகட்டும். எட்டு மாதமாக இந்த வேஷத்துக்குக் கூப்பிட்டபோதெல்லாம் இடுப்பு வலி என்று தட்டிக் கழித்தவள், இது டாக்டர் யாழினி சீரியல் என்றதும் மறுபேச்சில்லாமல் வண்டியேறினாள். காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்புத்தான், ராத்திரி படுத்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை. டாக்டர் யாழினி மனோதத்துவ நிபுணர். போலீஸ்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற வீட்டுக்குள் நுழைவாள், பிணத்துக்குப் பக்கத்தில் குந்துவாள், நகத்தைப் பார்ப்பாள், செருப்பு கிடக்கிற விதத்தைப் பார்ப்பாள், செத்தவர் கடைசியாக என்ன நினைத்தார் என்று சொல்லிவிடுவாள். தப்பாகச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. தணிகாசலமும் அவளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் விடாமல் பார்த்தார்கள். கதை ஆரம்பித்த ஐந்தாவது நிமிடமே, "கொன்னது பொண்டாட்டிதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். கல்யாணமே ஆகாத சாமியார் செத்துக் கிடந்த கதைக்கும் பொண்டாட்டிதான் என்றார். அவள் முழங்கையால் இடிப்பாள், சாம்பார் சிந்தும். இப்போது அந்த நேரம் வந்தால் அவள் டிவியைப் போடுவதில்லை. சிலசமயம் போடுவாள், சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும். தணிகாசலம் தண்டவாளத்தில் போய்ச் செத்தது தவறியா, தெரிந்தேயா. ரயில்வே போலீஸ் எழுதிக் கொடுத்த காகிதத்தில் கடக்கும்போது என்றுதான் இருக்கிறது. அது கால் கடந்த கதை. மனசு எங்கே இருந்தது என்று அந்தக் காகிதத்தில் இல்லை.

செருப்புச் சத்தம் வந்தது, பவுடர் வாசனை வந்தது, டாக்டர் வந்துவிட்டாள். இவள் இரண்டாவது டாக்டர். முதலில் நடித்த பெண் கல்யாணமாகிப் போய்விட, இனி இவருக்குப் பதில் இவர் என்று ஒரு நாள் திரையில் எழுத்துப் போட்டுவிட்டு இவளைக் கொண்டுவந்தார்கள். சான்வி என்று பெயர், போபால்காரி, வந்து மூன்று மாதம். நல்ல பெண். தமிழ் தெரியாது. தெரியவும் தேவையில்லை, செல்வின் இருக்கிறான். அசோசியேட் டைரக்டர் செல்வின், நாகர்கோவில் பக்கம், முப்பத்தைந்து வயது, எப்போதும் ஜலதோஷம். கேமராவுக்குப் பின்னால் நின்று அவன் ஒவ்வொரு வரியாகப் படிப்பான், சான்வி அதைக் காதில் வாங்கி அப்படியே முகபாவத்தோடு திருப்பிச் சொல்வாள். மூன்று மாதத்தில் அது அவளுக்கு அப்படி ஊறிவிட்டது. டிரைவர் வந்து வண்டி ரெடி மேடம் என்றால் அவளும் வண்டி ரெடி மேடம் என்று சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஒளிபரப்பாகும்போது செல்வினும் இருக்கமாட்டான், சான்வியின் குரலும் இருக்காது, டப்பிங்கில் வேறொரு அம்மாள் வந்து பேசிவிடுவாள். ஆக, டாக்டர் யாழினி என்பது மூன்று பேர், மூன்று பேருக்கும் மனோதத்துவம் தெரியாது. இதெல்லாம் வேதவல்லிக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் என்ன, உப்பு வாங்கக் கடைக்குப் போன குழந்தை கோயிலைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லையா, அப்படி ஒரு பழக்கம். சைலன்ஸ் என்றார்கள். அவள் மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினாள். ஆக்‌ஷன். செல்வினின் அடைத்த மூக்குக் குரல், "இது தற்கொலை இல்ல இன்ஸ்பெக்டர்" என்றது. தலைக்கு மேலே, ரொம்பப் பக்கத்தில், சான்வி மெதுவாக, "இது தற்கொலை இல்ல இன்ஸ்பெக்டர்" என்றாள். "சாகணும்னு முடிவு பண்ணவங்க, வீட்டுச் சாவிய பக்கத்து வீட்ல குடுத்துடுவாங்க." சான்வியும் சொன்னாள். "கதவ உடைக்கிற சிரமம் யாருக்கும் வேண்டாமேன்னு." சான்வி அதையும், ஒரு பெருமூச்சு சேர்த்து, சொன்னாள். "இவங்க குடுக்கல." இவங்க குடுக்கல. பிணத்துக்கு எல்லா வசனமும் இரண்டு தடவை கேட்கும்.

குடுத்தாரே. தணிகாசலம் குடுத்தாரே. வேதவல்லியின் உடம்பில் ஒரு மயிரும் அசையவில்லை, பழகிய உடம்பு அப்படியே கிடந்தது, உள்ளே மட்டும் யாரோ பிடித்துத் தள்ளினாற்போல விழுந்துகொண்டே போனாள். அந்த வீட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவள் பையில், ஒன்று அவர் அரைஞாண் கயிற்றில். பக்கத்து வீட்டு ஃபிலோமினாவிடம் சாவி கொடுக்கிற வழக்கமே அவர்களுக்குக் கிடையாது. அன்றைக்கு மட்டும் கொடுத்தார். "பத்து மணி இருக்கும்க்கா. சாவிய நீட்டி, வல்லி வந்தா குடுத்துடுன்னாரு, வரேன்னாரு, போய்ட்டாரு" என்று ஃபிலோமினா போலீஸிடமும் சொன்னாள், வந்தவர் போனவரிடமும் சொன்னாள், பதினாறாம் நாள் சாப்பாட்டின்போதும் சொன்னாள். வரேன் என்றாராம். யார்தான் வாசலைத் தாண்டும்போது போறேன் என்று சொல்கிறார்கள். அந்த வார்த்தையை எத்தனை நாள் தடவிப் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கதவை உடைக்கிற சிரமம் வேண்டாமே என்று நினைத்திருப்பார், அப்படிப்பட்ட மனுஷன்தான், பக்கத்தில் படுத்திருக்கிறவள் விழித்துவிடுவாள் என்று இருமலைக்கூட வெளியே போய் இருமுகிறவர். ஆனால் வல்லியிடம்தான் சாவி இருக்கிறதே, அது அவருக்குத் தெரியுமே. அப்புறம் எதற்கு. தன் சாவி தன்னோடு போய்விடக் கூடாது என்றா. இனி எனக்கு வேண்டாம் என்றா. எறும்பு மேலுதட்டுக்கு வந்துவிட்டது. நல்ல சட்டை வேறு போட்டிருந்தார், நீலக் கட்டம் போட்டது, தீபாவளிக்கு மகள் இந்துமதி எடுத்துக் கொடுத்தது. போனை சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்தார். டாக்டர் யாழினிக்கு இவ்வளவு கிடைத்தால் போதாதா. சட்டை, போன், சாவி. தெரிந்தேதான் போயிருக்கிறார் இன்ஸ்பெக்டர். அப்படியானால் ஏன் போனார், யார் அனுப்பியது என்று அடுத்த கேள்வி வரும், டாக்டர் மெல்லத் திரும்புவாள், கேமராவும் கூடவே திரும்பி வந்து பொண்டாட்டி முகத்தில் நிற்கும்.

பால் பொங்கி வழிந்த காலை அது. செவ்வாய்க்கிழமை. ஆறரைக்கு வண்டி வந்துவிடும், ஒரு பக்கம் குழம்பு கொதிக்கிறது, பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்புக்கு எதிரிலேயே நின்றிருந்தார், பாலையே பார்த்துக்கொண்டிருந்தார், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கீழே சொட்டுகிறது, அப்போதும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். பலகையிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருஷமாக வீட்டோடு இருந்தவர். ஒரு காலை இழுத்துத்தான் நடப்பார். வேலை என்று கூப்பிட யாரும் இல்லை, சங்கத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார், அதையும் விட்டுவிட்டார். சாதாரணமாக அவரை நீங்க என்கிறவள்தான். கோபம் வந்தால் நீ ஆகிவிடும். அன்றைக்கு வந்தது. சீப்பை வீசிவிட்டு ஓடிவந்து அடுப்பை அணைத்தாள், சொன்னாள். சொன்னதை இப்போது நினைக்க வேண்டாம். நினைக்காவிட்டால் மட்டும் சொல்லாததாகிவிடுமா. நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இவ்வளவுதான். இதைவிடப் பெரிய வார்த்தையெல்லாம் அந்த வீட்டில் வந்து போயிருக்கிறது, செத்துத் தொலை என்று அவரே அவளைச் சொல்லியிருக்கிறார், அடுத்த நிமிடம் டீ போடச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை. துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தார். குனிய முடியாதவர் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக் குனிந்து தரையையும் துடைத்தார். "சரி, வண்டி வந்துடும், நீ கெளம்பு" என்றார். அவள் கிளம்பினாள். அன்றைக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிற வேஷம். மதியம்வரை நின்றாள். பதினாறாம் நாள் எல்லோரும் போனபிறகு இந்துமதி பாத்திரம் கழுவிக்கொண்டே, ஓசூரிலிருந்து வந்த நாளாய் அதைத்தான் கேட்க நினைத்திருந்தவள் போல, "அன்னிக்கு அப்பாகூட எதனா சண்ட கிண்ட போட்டியாமா?" என்றாள். "இல்லடி. சிரிச்சுக்கினுதான் என்னை அனுப்பி வெச்சாரு" என்றாள் வேதவல்லி. யோசிக்கக்கூட இல்லை, கைக்கடியில் வைத்திருந்த மாதிரி எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் பெண் நம்பினாள். நம்பி அழுதாள். நம்புகிற பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற தண்டனை இருக்கிறதே, அதற்கு எந்த ஜெயிலும் ஈடில்லை. அந்த நாளிலிருந்து வேதவல்லி புருஷனுக்காக அழுததில்லை. கொன்றவள் அழுதால் நன்றாகவா இருக்கும்.

கட், கட் என்று சத்தம் கேட்டது. எறும்பு கேமராவில் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள், தன் கண் நனைந்துவிட்டதோ என்று பயந்தாள். அவள் காரணமில்லை. உடை, நகை, சாமான் எல்லாம் காட்சிக்குக் காட்சி சரியாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்கிற பெண் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தாள். "சார், நேத்து எடுத்த சீன்ல பக்கத்து வீட்டம்மா கையில சாவி இருக்கு சார். 'காலைலதான் என்கிட்ட குடுத்துட்டு மார்க்கெட் போனாங்க'ன்னு டயலாக்கே பேசிட்டாங்க." டைரக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு செல்வினைத் திட்டினார், நோட்டு வைத்திருந்த பெண்ணைத் திட்டினார், நேற்று நடித்துவிட்டுப் போய்விட்ட பக்கத்து வீட்டம்மாவையும் விடவில்லை. அந்தம்மாவை மறுபடி கூப்பிட முடியாது, வேறு சீரியலில் மாமியாராகிவிட்டாள். "மாத்திடலாம் சார், ரெண்டு நிமிஷம்" என்றான் செல்வின். தும்மினான். பேனா உரசுகிற சத்தம் கேட்டது. சான்வி பக்கத்திலேயே முட்டி போட்டுக் காத்திருந்தாள், அவள் மூச்சு வேதவல்லியின் நெற்றியில் பட்டது, சின்னப் பெண், ஏலக்காய் மென்றிருக்கிறாள். மறுபடி சைலன்ஸ், மறுபடி ஆக்‌ஷன். "இது தற்கொலை இல்ல இன்ஸ்பெக்டர்." அதே குரல், அதே ஜலதோஷம். "சாவிய பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போனவங்க, திரும்பி வர்றதுக்காகத்தான் குடுத்துட்டுப் போயிருக்காங்க." சான்வி அதை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையையும் தடவிக் கொடுக்கிற மாதிரி, சாவிய, பக்கத்து வீட்ல, குடுத்துட்டுப் போனவங்க, திரும்பி வர்றதுக்காகத்தான், என்று சொன்னாள். "சாகப் போறவங்களுக்குச் சாவியப் பத்தி என்ன கவலை."

என்ன கவலை. ஆமாம், என்ன கவலை. வேதவல்லிக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. திரும்பி வருவதற்காகத்தான். இரண்டு வருஷமாகச் சின்னச் சின்னச் சாமான்களையெல்லாம் எங்கேயாவது போட்டுவிட்டு வருகிறவர், கண்ணாடி இரண்டு தடவை தொலைந்தது, அரைஞாண் கயிறு நைந்திருந்தது, புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவள்தான் சொல்லிக்கொண்டே இருந்தாள். சாவி விழுந்துவிடும் என்று கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அவ்வளவுதானா. அவ்வளவுதான் என்று ஏன் இருக்கக்கூடாது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடை, பழைய லைட்மேன்கள் கூடுகிற இடம், ரொம்ப நாள் கழித்துப் போகிறோமே என்று நல்ல சட்டை. போனில் சார்ஜ் நிற்கவே நிற்காது. அப்புறம் மாத்திரை. போலீஸ் கொடுத்த பிளாஸ்டிக் பையில் ரத்தக் கொதிப்பு மாத்திரை அட்டை இருந்தது, கிழமை அச்சடித்த அட்டை, செவ்வாய்க்கிழமைக் குழி காலி. சாகப் போகிறவன் காலையில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுவானா. இந்த மாத்திரையை எட்டு மாதமாக அவள் ஒருத்தியே பிடித்துக்கொண்டிருந்தாள், இப்போது டாக்டரும் அந்தப் பக்கம் வந்து பிடிக்கிறாள். இழுத்து நடக்கிற காலோடு, வருகிற வண்டிக்கு முன்னால் தாண்டிவிடலாம் என்று, பழைய நினைப்பில், பலகைக்குப் பலகை தாவிய நினைப்பில் கால் வைத்திருப்பார். தாண்டியிருப்பார், தாண்டி டீ குடித்திருப்பார், மதியம் ஃபிலோமினாவிடம் சாவி வாங்கித் திறந்து, பாலை மறந்து மறுபடி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். வேதவல்லிக்கு நெஞ்சு லேசானது. லேசாகிக்கொண்டிருக்கும்போதே இடறியது. இதே பெண்தான் கால் மணி நேரத்துக்கு முன்னால் அதை மாற்றிச் சொன்னாள். இதே கனிவு, இதே பெருமூச்சு. பக்கத்து வீட்டம்மா கையில் சாவி இல்லாமல் இருந்திருந்தால் முதலில் சொன்னதே நின்றிருக்கும். எது நிஜம் என்று யாரைக் கேட்பது. இரண்டாவது நிஜமாக இருக்கட்டும். இன்னொரு தடவை கேட்டால் நின்றுவிடும் போலிருந்தது, மனதில் ஒட்டிக்கொண்டுவிடும், ஒரே ஒரு தடவை. சான்வி அடுத்த வரிக்குப் போய்விட்டாள், நகத்தைப் பற்றி என்னவோ. இன்னும் நாலு வரியில் ஷாட் முடிந்துவிடும். முடிந்தால் அந்த வரி டப்பாவுக்குள் போய்விடும், பிறகு எப்போதோ வேறொரு அம்மாளின் குரலில் டிவியில் வரும். வேதவல்லி மூச்சை இழுத்தாள். வேண்டுமென்றே, வாயைத் திறந்து, நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"கட். என்னக்கா?" டைரக்டரின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "நீங்களாக்கா?" எறும்பு சார், மூக்குக்குள்ளே போயிடுச்சு என்றாள். கண்ணைத் திறக்கவில்லை. துணியால் யாரோ முகத்தை ஒற்றினார்கள். "ஒன் மோர். சாப்பாட்டு நேரம் ஆச்சு. செல்வின், இந்தச் சாவி சமாசாரம் என்னத்துக்கு? வளவளன்னு இருக்கு. தூக்கிடு. நேரா நகத்துக்கு வந்துடு." சரி சார் என்றான் செல்வின். பேனா ஒரே ஒரு தடவை உரசியது. வேதவல்லி கிடந்தாள். சார், அது இருக்கட்டும் சார் என்று ஒரு பிணம் எப்படிச் சொல்லும். எழுந்து சொன்னால்தான் யார் கேட்பார்கள், உனக்கென்னக்கா அதைப் பற்றி என்பார்கள், என்ன பதில் சொல்வாள். அவள்தான் கெடுத்துக்கொண்டாள். பேசாமல் கிடந்திருந்தால் அந்த வரி எங்கேயாவது இருந்திருக்கும், அவள் இல்லாத வீடுகளிலாவது யாராவது கேட்டு, ஆமாம், திரும்பி வருவதற்காகத்தான் என்று தலையாட்டியிருப்பார்கள். இது தற்கொலை இல்ல இன்ஸ்பெக்டர். இது தற்கொலை இல்ல இன்ஸ்பெக்டர். அடுத்தது நகம். இடையில் ஒன்றுமில்லை. அந்த இடத்தில் தானே சொல்லிப் பார்த்தாள், உள்ளுக்குள், செல்வின் குரலிலும் சான்வி குரலிலும். வரவில்லை. வார்த்தைகள் வந்தன, நம்பிக்கை வரவில்லை. ஷாட் ஓகே என்றார்கள். எழுப்பி உட்காரவைத்ததும் கேமராமேன், "அக்கா, ஒரு சிரிப்பு" என்றார். செத்த வேஷம் போட்டவரை அப்படியே அனுப்பக்கூடாது, சிரிக்கவைத்து ஒரு துண்டு எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஆகாது என்பது தொழிலில் எல்லோருக்கும் உள்ள பயம். கழுத்தெல்லாம் சிவப்பாக, கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரியட்டும்க்கா என்றார். பல் தெரியச் சிரித்தாள்.

எல்லோரும் பின்கட்டில் சாப்பிடப் போய்விட்டார்கள். வேதவல்லிக்குச் சோறு இறங்கும் என்று தோன்றவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வரும்போது மாடிப்படியில் சான்வி தனியாக உட்கார்ந்திருந்தாள், வெள்ளைக் கோட்டும் கண்ணாடியுமாக, டாக்டர் யாழினியாகவே. கையில் அடுத்த சீனுக்கான காகிதம். இந்தி எழுத்தில் தமிழ் வசனத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள், உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதவல்லியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள். "சாப்டீங்களா அக்கா?" அவளுக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து தமிழ் வார்த்தைகளில் அது முதலாவது.

"ஆச்சும்மா." வேதவல்லி ஒரு படி கீழே உட்கார்ந்தாள். போய்விடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்தப் பெண் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைப் பார்த்தது. தலையை ஒரு பக்கம் சாய்த்து, அவசரமில்லை, சொல்லுங்கள் என்பது போல. குற்றவாளிகளைப் பார்க்கும்போது டாக்டர் யாழினி அப்படித்தான் பார்ப்பாள், நாலாவது நிமிடத்தில் அவர்கள் ஒப்புக்கொண்டுவிடுவார்கள். வேதவல்லிக்கு நாலு நிமிடம் ஆகவில்லை. "எங்க வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா" என்றாள். "எட்டு மாசம் ஆச்சு. ரயில்ல அடிபட்டு. தெரிஞ்சே போனாரா, தெரியாம போனாரான்னு எனக்குத் தெரியல. அன்னிக்குக் காலைல நான் ஒண்ணு சொல்லிட்டேன். பெத்த பொண்ணுகிட்டகூடச் சொல்லல. பொய் சொல்லிட்டேன், சிரிச்சுக்கினு இருந்தாருன்னு." சான்வி கொஞ்சம் முன்னால் குனிந்தாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று தெரிந்தது, அதனால்தான் சொல்லவும் முடிந்தது. வாசலில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வேதவல்லி அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து அதைச் சொன்னாள். "நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

சான்வி நிமிர்ந்து உட்கார்ந்தாள். காகிதத்தை மடித்து மடியில் வைத்தாள். கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். அடுத்த சீனின் வசனத்தை அக்கா சொல்லிக் கொடுக்கிறாள் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டது என்பது வேதவல்லிக்கு விளங்குவதற்குள், சான்வி வேலையை ஆரம்பித்துவிட்டாள். "நீ இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாள். நிறுத்தினாள். முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டு, "இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்றாள். ஒரு பிசிறு இல்லை. எட்டு மாதமாக அந்த வரியை வேதவல்லி தன் வாயிலிருந்து போகிறதாகவே கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அது தன்னிடம் வந்தது. கையில் துணியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நிற்கிறவருக்கு வந்த மாதிரி வந்தது. அவளால் மூச்சு விட முடியவில்லை. சான்வி ஆவலோடு குனிந்து அவள் கையைத் தொட்டாள்.

"கரெக்ட், அக்கா?"

"கரெக்ட்தாம்மா" என்றாள் வேதவல்லி. "அப்படியேதான் சொன்னேன்."